சுல்தானுக்கு ஜீனி

குதிரைக்கு அளவெடுக்க வேண்டும் என்று அக்கா வந்து நின்றபோது நான் ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்குக் கைத்துணி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"எந்தக் குதிரைக்கு?" என்று கேட்டேன். பழவேற்காட்டுப் பக்கம் அப்போது இருந்ததே ஒரு குதிரைதான். இருந்தாலும் கடை வைத்திருப்பவள் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும்.

"வெளில நிக்குது பாரு."

எட்டிப் பார்த்தேன். பொன்னேரி பஸ்ஸின் நிழலில், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல நின்றிருந்தது. காய்ந்த தென்னை மட்டையின் நிறம். பெயர் சுல்தான். எந்த நாட்டுக்கு என்று யாரும் கேட்டதில்லை.

"நான் ஜாக்கெட் தைக்கிறவக்கா."

"ஜாக்கெட்டுன்னா இன்னா? ஒடம்பு மேல உக்காரணும். குத்தக்கூடாது, நழுவக்கூடாது. ஜீனியும் அதான்."

ஜீனி என்றால் சேணம். கடற்கரையில் சவாரி விடுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே என் இடது கையைப் பிடித்து, கடிகாரப் பட்டைக்கு அடியில் தன் விரல்களை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை.

"ஒரு ஓட்ட தள்ளிப் போடு. கை போவணும். ஆனா ஆடக்கூடாது."

தள்ளிப் போட்டேன்.

ஊரே அக்கா என்று கூப்பிடுகிற அவளுடைய வழக்கமே அதுதான். எதற்கும் எதற்கும் நடுவே கையை விட்டுப் பார்ப்பாள். கண்டக்டரின் தோள்பை வாருக்குக் கீழே, வண்டியில் போகிறவனின் ஹெல்மெட் வாருக்குக் கீழே, பக்கத்து வீட்டுக் குழந்தையின் அரைஞாண் கயிற்றுக்குள்ளே. கேட்டுவிட்டுச் செய்வதில்லை. ஒருமுறை கல்யாண மேடையில் ஏறி, மொய் எழுதுவதற்கு முன்பே மாப்பிள்ளையின் கழுத்துப் பட்டனுக்குள் இரண்டு விரலை விட்டாள். "மூச்சு வுட முடியுதா நைனா?" என்றாள். மாப்பிள்ளை, பாவம், உண்மையைச் சொல்லிவிட்டான். "இல்லக்கா." அந்தக் கல்யாண ஆல்பத்தில் பாதிக்கு மேல் மாப்பிள்ளை சட்டைக் கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு, கடனெல்லாம் தீர்ந்தவன் போல நிற்கிறான். பெண் வீட்டுக்காரர்கள் வெகுநாள் அக்காவோடு பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

இந்தப் பழக்கம் குதிரையால் வந்ததல்ல. குதிரை வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே அவள் மீன்கூடை சுமந்தவள். பழைய சேலையைச் சுருட்டி வளையமாக்கித் தலையில் வைத்து, சும்மாடு, அதன்மேல் கூடை, கூடையில் ஏரி. விடிகாலையில் கரையில் ஏற்றிய கூடை பொன்னேரித் தெருக்களில் வீடு வீடாகத்தான் இறங்கும். உச்சந்தலையில் சும்மாட்டின் அளவுக்கு வட்டமாக முடி இல்லை. அந்த இடத்தைக் காட்டுவதில் அவளுக்கு வெட்கமும் கிடையாது, பெருமையும் கிடையாது. வீட்டு விலாசம் சொல்வது போலக் காட்டுவாள்.

சுல்தான் அவளிடம் வந்த விதம் சுருக்கமானது. ஊரடங்கு வந்தபோது கடற்கரையில் ஆள் இல்லை. சவாரி விட்டுக்கொண்டிருந்த வெளியூர்க்காரன், "ரெண்டு நாள் பாத்துக்கக்கா, வந்துடறேன்" என்று கயிற்றை அவள் கையில் கொடுத்தான். பிறகு வரவே இல்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முதல் நாள் அவன் விட்டுப்போன சேணத்தைக் கழற்றினபோது முதுகெலும்பின் இருபுறமும் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை மயிர் இருந்தது. புண் ஆறின இடத்தில் மயிர் வெள்ளையாகத்தான் முளைக்குமாம். அக்கா அதன்மேல் கையை வைத்துச் சிறிது நேரம் நின்றாள். பிறகு தன் உச்சந்தலையைச் சொறிந்துகொண்டாள். பழைய சேணத்தை வேலியோரம் கொண்டுபோய்ப் போட்டாள். அதில் கோழிகள் முட்டையிட்டன. அவற்றுக்கு அது பொருந்தியது.

சிக்கல் சுல்தானின் உடம்பில் இருந்தது. அது ஒரே குதிரையாக இருக்கவில்லை.

ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி பெருத்துக் கரையேறும், கரையெல்லாம் புல் ஏறும், சுல்தானும் ஏறும். தை மாதத்தில் அதன் முதுகு திண்டு போலாகி நடுவில் ஒரு வாய்க்கால் ஓடும். பங்குனியில் ஏரி பின்வாங்கி, உப்பு வெளுத்து, புல் கருகும்போது வாய்க்கால் இருந்த இடத்தில் வரப்பு எழும்பி நிற்கும். இது பருவத்துக்கு. நாளுக்கு நாள் கணக்கு வேறு. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகிற பொரி, முறுக்கு, வாழைப்பழத் தோல் எல்லாம் தின்று திங்களன்று வயிறு மத்தளமாகும். புதன்கிழமை இறங்கும். இதற்கெல்லாம் மேலே, வாரை இறுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இறுக்கி முடித்ததும் விடும். வார் தொங்கும். இதை அது வன்மமாகச் செய்ததாகத் தெரியவில்லை. வரியைக் குறைத்துக் கட்டுகிறவர்களின் சாதாரண முகத்தோடு செய்யும்.

சினையாக இருக்கிறது என்று ஊரில் பேச்சு. சுல்தான் ஆண். இதை எடுத்துச் சொன்ன பிறகும் இரண்டு பேர் நம்பவில்லை.

"குதிரை மேல இன்னா தப்பு?" என்பாள் அக்கா. "ஏரிக்கு ஒரே அளவுலயா கரை போட முடியுது? அது மாறும். நம்பதான் கூடவே போவணும்."

கூடவே போகத் தயாராக இல்லாதவர் அவளுடைய அண்ணன். அக்கா புருஷனை இழந்த பிறகு அவர் வீட்டில்தான் இருந்தாள். ஃபைபர் படகு வைத்திருந்தார். அதிகம் பேசாதவர், பேசினால் காற்றுக்கு எதிரே பேசுகிற குரல். சுல்தான் நின்றது அவருடைய வலைக் கொட்டகையில். வலை நின்றது மழையில்.

"இன்னாமே இது? மன்சன் வலைய வெளில போட்டுட்டு குதிரைய உள்ள படுக்க வெப்பானா?"

"அதுக்கு ஜல்பு புடிச்சிக்கும்ணா."

"வலைக்கு?"

"வலைக்கு மூக்கு இல்ல."

அந்த வருஷம் மழை தொடங்கினபோது அண்ணன் முடிவாகச் சொன்னார். காணும் பொங்கலன்று கடற்கரைக்குக் கூட்டம் வரும். அன்றைக்குச் சுல்தான் முதுகில் ஒரு ஜீனியோடு சவாரி போகவேண்டும். இல்லையென்றால் விற்றுவிடுவார். அவர் சொன்னால் செய்கிறவர் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் என் கடைக்கு வந்தாள்.

அதற்கு முன்பே இரண்டு முயற்சிகள் நடந்திருந்தன. முதலாவது அக்காவுடையது. பழைய சேலைகள் எத்தனையோ சேர்த்துச் சுருட்டி, குதிரை அளவுக்கு ஒரு சும்மாடு செய்தாள். வேறு யாருக்கும் அந்த யோசனை வந்திருக்காது. சுல்தான் முதுகில் அதை வைத்தபோது மிக அழகாக உட்கார்ந்தது. அதன்மேல் கூடை வைத்திருந்தால் பொன்னேரி வரைக்கும் போயிருக்கும். மனிதர்கள்தான் உட்கார முடியவில்லை. நடுவில் ஓட்டை.

இரண்டாவது அண்ணனுடையது. விற்றுவிடுவேன் என்று சொன்ன கையோடு அவரே ஒரு சேணம் செய்ய உட்கார்ந்தது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவார். மீஞ்சூரில் பைக் சீட் தைக்கிற கடையிலிருந்து ரெக்சின் வாங்கி வந்து, உள்ளே வலை மிதவைகளை உடைத்து அடைத்தார்.

"லேசா இருக்கும். அதுவும் இல்லாம தண்ணில முழுவாது" என்றார்.

ஒரு சேணம் முழுகாமல் இருப்பது அவருக்கு முக்கியமாகப் பட்டது. கடலுக்குப் போகிறவர் வேறு எப்படி யோசிப்பார்? வெள்ளோட்டமும் அவர் வழக்கப்படியே நடந்தது. குதிரையை ஏரிக்குள் இறக்கினார். சுல்தானுக்குத் தண்ணீர் பிடிக்கும். வயிறு நனையும் ஆழத்தைத் தாண்டி எதிர்மணல் திட்டை நோக்கி நடந்தது. சேணம் முழுகவில்லை. வாரை இழுத்துக்கொண்டு மேலே எழும்பியது, அதோடு அண்ணனும் எழும்பினார். குதிரை கீழே, நடுவில் தண்ணீர், மேலே அண்ணன். அப்படியே சிறிது தூரம் போனார்கள். பிறகு சேணம் கழன்று தனியாக ஆந்திரா பக்கம் போனது. கரையில் நின்ற அக்கா சத்தமாகக் கேட்டாள்.

"கை போவுதாண்ணா?"

"ஆளே போவுதுமே!"

இதெல்லாம் ஆன பிறகுதான் நான் இன்ச் டேப்போடு போனேன். அளவு எழுதுவதில் அர்த்தம் இல்லை என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது. எடுத்த அளவு கடைக்கு வந்து சேர்வதற்குள் பழையதாகிவிடும். நேராகப் போய்ச் சொன்னேன்.

"பொம்பளைங்க ஜாக்கெட்டுல உள்ள மூணு தையல் போட்டு வெப்போம்க்கா. ஒடம்பு வந்தா ஒண்ணு பிரிச்சிடலாம், போனா புடிச்சிக்கலாம். தெனம் பிரிச்சிப் புடிக்க முடியுமா?"

அக்கா வெகுநேரம் சுல்தானைப் பார்த்தாள். "முடியிற மாதிரி தையி" என்றாள்.

அப்படித்தான் வந்தது அந்தச் சேணம். கான்வாஸில் இரண்டு நீளப் பைகள், முதுகெலும்பின் இருபக்கமும் ஒவ்வொன்று. நடுவில் எலும்பு தொடாமல் இருக்க ஒரு சந்து. பைகளுக்குள் மடித்த கம்பளித் துண்டுகள். குதிரை இளைத்தால் ஒன்றைச் சொருகலாம், பெருத்தால் ஒன்றை உருவலாம். மேலே உட்கார ஒரு ரெக்சின் பலகை. ரெக்சினும் கான்வாஸும் சேருகிற இடத்தில் என் மெஷின் ஊசிகள் ஒடிந்துகொண்டே இருந்தன. அண்ணன் வாசலில் நின்று சிறிது நேரம் பார்த்தார். பிறகு வலை பின்னுகிற ஊசியையும் பச்சை நைலான் கயிற்றையும் எடுத்து வந்து, என்னை நகரச் சொல்லிவிட்டு, வலைக்கு விளிம்பு கட்டுவது போலவே முடிச்சு முடிச்சாகக் கட்டினார். பார்க்க அது சேணம் மாதிரி இல்லை. யாரோ அவசரமாக வீடு மாறுகிறபோது கட்டின மூட்டை மாதிரி இருந்தது.

அக்கா அதைச் சுல்தான் மேல் வைத்தாள். கையை உள்ளே விட்டாள். ஒரு கம்பளியை உருவினாள். மறுபடி விட்டாள். வாரைக் கட்டிவிட்டு, "மூச்ச வுடு நைனா" என்று காத்திருந்தாள். அவளுக்கு அவசரம் இல்லை என்று தெரிந்ததும் சுல்தான் விட்டது. மறுபடி ஓர் ஓட்டை இறுக்கினாள். பிறகு எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் அழுதிருப்பாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. "நாளைக்கு மாறிடும்" என்றாள். அவ்வளவுதான்.

காணும் பொங்கலன்று நாள் முழுக்கச் சுல்தான் நடந்தது. ஒவ்வொரு சவாரி முடிந்ததும் அக்கா கையை விட்டுப் பார்த்தாள். ஏறக் காத்திருந்த பிள்ளைகளின் அப்பாக்கள் முணுமுணுத்தார்கள். சாயங்காலம் சேணத்தைக் கழற்றினபோது முதுகு வியர்வையில் இருபக்கமும் ஒரே மாதிரி நனைந்திருந்தது; பாரம் எந்தப் பக்கமும் குத்தவில்லை. அவள் கேட்டது அந்த ஈரத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு நன்றாக நடந்ததுதான் வினையாகியது. கூட்டத்தில் மீஞ்சூர்க்காரர் ஒருவர் இருந்தார். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை, செண்டை, விளக்குக்குடை எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். தை மாதத்துச் சுல்தான், புல்லில் பளபளத்துக்கொண்டு, பிள்ளைகள் இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. அவர் நேராக அண்ணனிடம் போய் விலை பேசினார்.

"சவாரி போனா விக்கமாட்டேன்னு சொன்னியேண்ணா" என்றாள் அக்கா.

"சவாரி போவலன்னா விப்பேன்னு சொன்னேன். போனா இன்னா பண்ணுவேன்னு சொன்னனா?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அவருக்கு வலை வைக்க இடம் வேண்டும். வெற்றிலைபாக்கு மாற்றிக்கொண்டார்கள். கொடுத்த வாக்கை அவராக முறித்துக்கொள்ளமாட்டார். எங்கள் மூட்டைச் சேணத்தை மீஞ்சூர்க்காரர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இத்த போட்டா மாப்பிள்ள ஏறமாட்டான். நானே வெல்வெட்டுல செஞ்சி எடுத்தாரேன். சித்திர முகூர்த்தத்துக்கு ஓட்டிட்டுப் போறேன்." என் டேப்பையே வாங்கி அளந்துகொண்டு போனார்.

சித்திரைத் தொடக்கத்தில் சேணத்தோடு வந்தார். சிவப்பு வெல்வெட், வெள்ளித் தகடு, சின்னச் சின்னக் கண்ணாடிகள். சுல்தான் அப்போது வரப்பாகியிருந்தது. வெல்வெட் சேணம் முதுகில் ஏறி, சுற்றிக்கொண்டு போய், வயிற்றுக்கடியில் தொட்டில் போலத் தொங்கியது. மீஞ்சூர்க்காரர் முழங்காலை விலாவில் கொடுத்து அழுத்தி, மூச்சை வெளியேற்றி, வாரை இறுக்கிக் கட்டினார். ரோடு வரைக்கும் நடத்திக்கொண்டு போய்த் திரும்பினார். கழற்றினபோது வெள்ளை மயிர் இருந்த இடத்தில் தோல் வழன்று சிவந்திருந்தது.

"பழகிடும்" என்றார். சேணத்தைச் சின்னதாக்கி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அக்கா எதற்குள்ளும் கையை விடவில்லை. வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனவர் அண்ணன்தான். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "ஈ மொய்க்குது, அதான்" என்றார்.

புண் ஆறியது. பள்ளிக்கூட லீவு வந்தது. லீவுக் கூட்டம் வந்தது. பாலத்தை ஒட்டித் தர்பூசணிக் கடைகள் வந்தன. கடைகளுக்குப் பின்னால் தோல் மலை. சுல்தானைக் கட்டியிருந்த கயிறு அந்த மலை வரைக்கும் எட்டியது. அக்கா ஏன் கயிற்றை அவ்வளவு நீளமாக விட்டாள் என்று நான் கேட்கவில்லை.

மீஞ்சூர்க்காரர் இரண்டாவது முறை வந்த அன்று நான் அக்கா வீட்டில் இருந்தேன், தைத்த ஜாக்கெட் கொடுக்க. தெருமுனையில் குதிரை ஏற்றுகிற வண்டியின் ஹாரன் கேட்டது. எங்கள் சேணம் வாசல் நிழலில் காற்றாடக் கிடந்தது. அக்கா அதன்மேல் ஒரு கோணியைத் தூக்கிப் போட்டு, உட்கார்ந்து, நெத்திலி ஆய ஆரம்பித்தாள்.

வெல்வெட் சேணம் இப்போது சிறியதாகியிருந்தது. சுல்தான் மத்தளமாகியிருந்தது. சேணம் அதன் முதுகில், பெரியவர் தலையில் வைத்த குழந்தைத் தொப்பி போல உட்கார்ந்தது. மீஞ்சூர்க்காரர் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"தலைவரே, இது அந்தக் குதிர இல்ல."

"அதே குதிரதான்."

"பொங்கலுக்கு ஒண்ணு காட்டுன. அன்னிக்கு வந்தப்ப ஒண்ணு. இப்ப ஒண்ணு. மூணு குதிர வெச்சிக்கினு டபாய்க்கிறியா?"

"யோவ், ஒரு குதிரைக்கே வலைய மழைல போட்டுக்கினு கீறேன், மூணா?"

மீஞ்சூர்க்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு அவருக்கு ஞாபகம் வந்தது.

"பொங்கலன்னிக்கு ஒரு மூட்டை போட்டிருந்தீங்களே, அது எங்க? அத குடுங்க. மேல வெல்வெட்ட சுத்தித் தகடு அடிச்சிக்கிறேன். இப்பவே வண்டில ஏத்திடறேன்."

கல்யாண மேடையில் மாப்பிள்ளையின் கழுத்தைப் பிடித்து உண்மை கேட்டவள், தலை நிமிராமல் சொன்னாள்.

"அது போச்சு. எலி கடிச்சிடுச்சி."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீதானம்மா தைச்ச? இன்னொண்ணு தைச்சிக் குடு."

"நான் ஜாக்கெட் மட்டும்தாண்ணா தைக்கிறது" என்றேன். கடைப் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

அவர் அண்ணனிடம் போனார். "நீ சொல்லு தலைவரே. எலியா?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த கோணியைப் பார்த்தார். கோணியின் ஓரத்தில் பச்சை நைலான் கயிறு ஒரு விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அவரே போட்ட முடிச்சோடு. பிறகு கொட்டகையைப் பார்த்தார். வெளியே கிடந்த வலையைப் பார்த்தார். அக்காவின் கையில் இருந்த நெத்திலிக்கு எப்போதோ தலை போயிருந்தது. அவள் அதையே ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எலிங்க ஜாஸ்தி இங்க" என்றார் அண்ணன். "என் வலையவே உடமாட்டேங்குது."

மீஞ்சூர்க்காரர் வெல்வெட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். "அந்தக் குதிரைக்குத்தான் வெத்தலபாக்கு மாத்துனேன். இதுக்கு இல்ல. அது செல்லாது, சொல்லிட்டேன்."

"நீயா சொல்ற. நான் சொல்லல" என்றார் அண்ணன்.

வண்டி காலியாகத் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. நான் இப்போது மீஞ்சூரில்தான் கடை வைத்திருக்கிறேன்; எப்போதாவது ஊர்வலத்தில் அந்த வெல்வெட் வேறு ஏதோ குதிரைமேல் போவதைப் பார்க்கிறேன். என் கடிகாரப் பட்டை இன்னும் அக்கா தள்ளிவிட்ட ஓட்டையில்தான் இருக்கிறது.

அன்றைக்கு அவள் எழுந்தாள். கோணியை உதறினாள். சேணத்தின் இரண்டு பைகளிலிருந்தும் ஒவ்வொரு கம்பளியை உருவிக் கீழே போட்டுவிட்டு, சுல்தான் மேல் வைத்து வாரைக் கட்டினாள். "மூச்ச வுடு நைனா" என்று சொல்லிக் காத்திருந்தாள். அது விட்டது.

யாரும் கூப்பிடாமலே அண்ணன் வந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சேணத்துக்கும் முதுகுக்கும் நடுவே விட்டார்.

"கை போவுது" என்றார்.

"ஆடுதா?"

அவர் இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"ஆடல."